காது கொடுத்தல்

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் உழன்றால் வாய் நீண்டுவிடும், காது சுருங்கிவிடும். நமக்கும் அந்த வியாதி உண்டு என்பதைப் பிரம்மதேசத்துப் பையன் ஒருவன்தான் உணர்த்தினான்.

தினந்தோறும் மணி அடித்துக் கால் மணி நேரம் சென்ற பிறகே அவன் வகுப்புக்கு வருவான். "ஸார், வீட்டிலே..." என்று தொடங்குவான். "வீட்டுக் கதை வேண்டாம், வெளியே நில்!" என்போம். நேரம் தவறாமையைப் பற்றி ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்வோம். ஒரு மாதம் இப்படிக் கழிந்தது. பிறகு நான்கு நாட்கள் பையனைக் காணவில்லை. ஐந்தாம் நாள் அவன் தாயார் வந்து, "படிப்பே வேண்டாம் என்கிறான், ஐயா" என்று கண் கலங்கினார்.

அப்பொழுதுதான் விசாரித்தோம். தகப்பனார் கால் முறிந்து படுத்திருக்கிறார். பையன் விடியற்காலையில் மாட்டுக்குத் தீனி வைத்து, பால் கறந்து, அதைச் சொஸைட்டியில் ஊற்றிவிட்டு ஓடி வருகிறான். ஒரு மாதமாக அவன் சொல்ல முயன்றது ஒரே ஒரு வாக்கியம். அதை முடிக்க நாம் விடவில்லை!

'கேள்வி' என்னும் நம் சொல்லுக்கு இரண்டு பொருள். செவியால் கேட்டறிவதும் கேள்வி. தெரியாததை வினவுவதும் கேள்வி. வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். பிரம்மதேசத்துக்கு அருகிலுள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணாக்கர் பயின்ற வேத பாடசாலை இருந்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. செவிதான் அங்கே அவர்களுக்குப் புத்தகம்.

மாணாக்கன் கேட்பது சரி. சொல்லும் ஸ்தானத்தில் இருப்பவன் கேட்க வேண்டாமா? 1917-இல் காந்தியடிகள் பீகாரிலுள்ள சம்பாரணுக்குச் சென்றார். அவுரி பயிரிடும்படி கட்டாயப்படுத்தப்பட்ட குடியானவர்களிடம் அவர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அவரும் தோழர்களும் ஆயிரக்கணக்கானவர்களின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, நம்பத் தகாததைத் தள்ளினார்கள். 1918-இல் அந்தக் கட்டாயம் சட்டத்தால் ஒழிந்தது. சும்மா தலையாட்டுவது கேட்பதாகாது. பேசுகிறவரை முடிக்க விட்டு, பிறகு வினவித் தெளிவதே கேட்பது.

நாமும் அந்தத் தாயாரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "அம்மா, பாலை வேறு யாராவது கொண்டுபோய் ஊற்றலாகாதா?" எதிர்வீட்டுப் பெரியம்மாவும் தினம் சொஸைட்டிக்குப் போகிறவராம். மறுநாள் முதல் அவரே இரண்டு பாத்திரங்களையும் எடுத்துச் சென்றார். பையன் மணி அடிக்குமுன் வகுப்பில் இருந்தான். ஒரு மாதப் பிரசங்கம் சாதிக்காததை ஒரு கேள்வி சாதித்துவிட்டது.

இந்தப் புதிய ஞானத்தை வீட்டில் பெருமையோடு எடுத்துரைத்தோம். "இதைத்தானே நான் வருஷக் கணக்காகச் சொல்லி வருகிறேன்!" என்றாள் நம் மனைவி.

வாஸ்தவமாகத்தான் இருக்கும். நாம் கேட்டதில்லை.