மலைக்குப் போன நாள்

இலங்கையின் சிகரங்களுள் முதலாவது பீதுருதாலகால. உயரம் 2,524 மீற்றர். அதன் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களும் காவலும் இருப்பதால் அங்கே நடந்து ஏற அனுமதியில்லை. அடுத்த இரண்டும், கிரிகல்பொத்த (2,388 மீற்றர்), தொட்டுபொல கந்த (2,357 மீற்றர்), ஹோட்டன் சமவெளியில் நிற்கின்றன. இவ்விரண்டையும் ஒரே பகலில் ஏறிவிடுவதென்று ஹட்டன் நண்பர்கள் நால்வர் தீர்மானித்தோம்.

பட்டிப்பொல வாயிலை நாங்கள் அடைந்தபோது பனி விலகியிருக்கவில்லை. தொட்டுபொல உச்சிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர்தான். பேசிக்கொண்டே ஏறி இறங்கினோம். கிரிகல்பொத்த அப்படியன்று. போக ஏழு, வர ஏழு கிலோமீற்றர். குட்டை மூங்கிற் புதர்களும் சேறும் நிறைந்த ஒற்றையடிப் பாதை. புல்வெளியில் மேய்ந்த மரைகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேயலாயின. எங்களைப் போன்ற பைத்தியக்காரர் பலரை அவை கண்டிருக்கும்.

உச்சியில் மேகம் சற்றே விலகியது. மேற்கே சிவனொளிபாதமலை, கீழே காட்டின் எல்லைக்கு அப்பால் தேயிலை. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென்று 1873இல் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞர் கூறிய ஆலோசனையை அன்றைய ஆட்சியினர் ஏற்றனர். எஞ்சிய காட்டுக்கு அப்படியொரு காவல் கிடைத்தது. மற்றைய காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டோரின் சந்ததியினருக்கோ 1948இல் குடியுரிமையே இல்லாமற் போயிற்று. அவர்களுள் நாடற்றோராய் எஞ்சியவர்களுக்கு அது கிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

நால்வரில் ஒருவர் லிந்துலைப் பக்கத்து லயமொன்றில் பிறந்து ஆசிரியரானவர். நாங்கள் படம் பிடித்துக்கொண்டிருக்கையில் அவர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் அவர் பிறந்த தோட்டத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

அந்தி நேரம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பெண்கள் வந்துகொண்டிருந்தனர். இடுப்பில் படங்கு, தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுச் சுமை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நண்பரை அடையாளங் கண்டு நின்றார்.

“தம்பிமாரு எங்க போயிட்டு வாறீங்க?”

“ரெண்டு மலை ஏறிட்டு வாறோம் அக்கா.”

“எந்த டிவிசன்ல?”

எங்களுள் யாழ்ப்பாணத்து நண்பருக்கு இக்கேள்வி விளங்கவில்லை. தோட்டத்துத் தமிழில் மலை என்றால் தேயிலை நட்ட சரிவு. மலைக்குப் போவதென்றால் வேலைக்குப் போவது. ஒவ்வொரு மலைக்கும் இலக்கம் உண்டு. நாங்கள் ஏறியது பெரிய மலை, சும்மா பார்ப்பதற்கு என்று நண்பர் விளக்கினார். அக்கா சிரித்துவிட்டார்.

“சும்மாவா? அப்ப அரைப்பேருகூட இல்லையே!”

பேர் என்பது ஒரு நாட்கூலி. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காலை முதல் மாலைவரை ஏறி இறங்கிய கால்களுக்குப் பாதிக் கூலி. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர், 2021இல், சம்பள நிர்ணயச் சபையின் மூலமே நிறைவேறியது. எங்கள் சிகரங்களின் உயரத்தை மீற்றர் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார்கள். இந்த அக்கா முப்பது ஆண்டுகளில் ஏறிய உயரத்தை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

“அம்மாவுக்கு முழங்கால் எப்படி?” என்று அவர் நண்பரைக் கேட்டார்.

“ஏறுறாங்க அக்கா. இறங்கத்தான் முடியல.”

நண்பர் அவருடைய சுமையைக் கழற்றித் தம் தலையில் மாட்டிக்கொண்டார். “ஐயோ, வாத்தியார் தூக்குறதா, வேணாம் தம்பி” என்றார் அக்கா. மடுவம் சற்று மேட்டில் இருந்தது. நாங்கள் மூவரும் வெறுங்கையோடு பின்னால் ஏறினோம்.