அப்பாவின் கடைவாய்ப் பல்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. தப்பு என் மேல இருக்கறதால கூட இருக்கலாம்.

அப்பாவுக்கு ரெண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் ஆரம்பிச்சது 2021ல. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பொட்டாசியம், பாஸ்பரஸ், ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தண்ணின்னு வீட்டுல எல்லாரும் பாதி டாக்டர் ஆயிட்டோம். வாயைப் பத்தி மட்டும் யாரும் யோசிக்கலை.

கொஞ்ச மாசத்துல அவர் பக்கத்துல உக்காந்தா ஒரு வாடை. "ஒழுங்கா பல்லு தேய்ங்கப்பா"ன்னு சொல்லிட்டேன். அதுவும் பேத்தி முன்னாடி. மனுசன் ஒண்ணும் பேசலை. அன்னையிலேருந்து அவளை மடியில வெச்சுக்கறதை நிறுத்திட்டார். பேசும்போது துண்டால வாயை மூடிக்குவார்.

டயாலிசிஸ் யூனிட்ல இருந்த டெக்னீஷியன் தம்பிதான் விளக்கினார். ரத்தத்துல தேங்கற யூரியா எச்சில்லயும் வந்துடும். வாயில இருக்கற பாக்டீரியா அதை அம்மோனியாவா மாத்தும். அந்த வாடைதான் அது. காப்பி இரும்பு மாதிரி இருக்குன்னு அவர் சொன்னதும் இதே பிரச்சினையாலதான். (நாங்க அம்மா போட்ட காப்பியைக் குத்தம் சொல்லிக்கிட்டிருந்தோம், பாவம்!) தண்ணிக் கட்டுப்பாட்டுல வாய் வேற வறண்டுடும். எச்சில் குறைஞ்சா பல் சொத்தையாகும். தாகம் தாங்காம ரெண்டு டம்ளர் கூடக் குடிச்சா, அடுத்த தடவை வெயிட் பாக்கும்போது மாட்டிக்கிட்டுத் திட்டு வாங்கணும்.

அப்புறம்தான் தெரிஞ்சது, கடைவாய்ப் பல் வலியை மூணு வாரமா மறைச்சிருக்கார். "இருக்கற செலவுல இது வேறயா"ன்னாராம் அம்மாகிட்ட. மெடிக்கல் ஷாப்ல வலி மாத்திரை வாங்கப் போனவன், நல்லவேளை, நெஃப்ராலஜிஸ்ட்டுக்கு போன் போட்டேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையெல்லாம் அவரைக் கேக்காமத் தரவே கூடாதுன்னார். பல்லைப் பிடுங்க புதன்கிழமை போகச் சொன்னார். டயாலிசிஸ் அன்னைக்கு ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போடுவாங்க, அன்னைக்கே பிடுங்கினா ரத்தம் நிக்காது. மறுநாள்னா மருந்தும் இறங்கியிருக்கும், உடம்பும் கொஞ்சம் தெளிவா இருக்கும். பல் டாக்டர்கிட்ட போனதும் மொதல்ல ஃபிஸ்டுலா கையைக் காட்டி, இதுல பிரஷர் பாக்காதீங்கன்னு சொல்லவும் சொல்லிக் குடுத்தார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிஞ்சு வெச்சிருந்தோம். அதுக்கும் வாயைச் சரி பண்ணியாகணுமாம். ஆபரேஷனுக்கப்புறம் எதிர்ப்பு சக்தியைக் குறைக்க மாத்திரை குடுப்பாங்க. அப்போ சீழ் வெச்ச ஒரு பல் போதும், உடம்பு பூரா பரவ. இத்தனை நாள் இது எங்க யாருக்கும் தெரியலைங்கறதை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

இப்போ மெத்துன்னு ஒரு பிரஷ், தினம் ரெண்டு வேளை. தாகத்துக்கு ஒரு சின்ன ஐஸ் கட்டி (அதையும் தண்ணிக் கணக்குல எழுதிடுவார், வாத்தியார் புத்தி). வாடை முழுசாப் போகலை. போன வாரம் பேத்தி துண்டை இழுத்துட்டு, "தாத்தா, வாயில ஆஸ்பத்திரி வாசனை"ன்னா. நான் பதறிப் போய் அவரைப் பாத்தேன்.

"ஆமாடி, அங்கதானே பாதி நாள் இருக்கேன்"னு மடியில தூக்கி வெச்சுக்கிட்டார்.