எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓர் ஆபரேட்டர்

கணினிச் செஸ் போட்டி என்றால் ஆளில்லாத அறையில் இரண்டு இயந்திரங்கள் தாமாக ஆடிக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் நான் பார்த்த கூடம் வேறு மாதிரி. மரப்பலகை, மரக்காய்கள், செஸ் கடிகாரம், பக்கத்தில் மடிக்கணினி. எதிரணியின் நகர்த்தலை ஆபரேட்டர் கணினியில் ஏற்றுகிறார். எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், பதில் சொன்னதும் காயைத் தன் கையால் நகர்த்திக் கடிகாரத்தை அழுத்துகிறார். பெரும்பாலும் அந்த எஞ்சினை எழுதியவரும் அவரேதான்.

சுற்று தொடங்குமுன் ஓர் ஆபரேட்டர் அருகில் உட்கார இடம் கிடைத்தது. கறுப்புத் திரையில் 'யூசிஐ' என்று தட்டினார். எஞ்சின் தன் பெயரையும் அமைப்புகளையும் வரிசையாகக் கொட்டியது. 2000-ஆம் ஆண்டில் ஸ்டெஃபான் மேயர்-காலனும் ருடால்ஃப் ஹூபரும் வகுத்த யூசிஐ நெறிமுறையால்தான் அதை ஏற்கும் எந்த எஞ்சினையும் எந்த இடைமுகத்திலும் பூட்ட முடிகிறது.

அடுத்து இறுதியாட்டத் தரவுகள். ரொனால்டு டி மான் உருவாக்கிய சிஸிஜி அட்டவணைகளில், ராஜாக்களையும் சேர்த்து ஆறு காய்கள்வரை உள்ள நிலைகளுக்கு முடிந்த முடிவு இருக்கிறது. மொத்தம் சுமார் 150 ஜிபி. திரையில் '145 கிடைத்தன' என்று ஒரு வரி ஓடியது. பார்க்க எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் இருந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆறு காய்வரை என்றால் 510 வரவேண்டும். 145 என்பது ஐந்து காயோடு நின்றுபோன கணக்கு. வெளி வட்டுக்கு விண்டோஸ் வேறு எழுத்தைக் கொடுத்திருந்தது. பாதையைத் திருத்தியதும் 510 வந்தது. எஞ்சின் இதற்கெல்லாம் புகார் சொல்லாது. தெரியாத நிலையைத் தன் மதிப்பீட்டை நம்பி ஆடிக்கொண்டே போகும். ஆடுவது நின்றுபோகும் கோளாறைவிட இத்தகைய மௌனக் கோளாறுதான் பொல்லாதது.

எஞ்சின் ஏற்கெனவே கணக்கிட்ட நிலைகளைச் சேமித்துவைக்கும் ஹேஷ் நினைவகத்தையும் சற்றுக் குறைத்தார். இருக்கும் ரேம் முழுவதையும் அதற்கே கொடுத்தால் இயங்குதளம் வட்டைத் தேடிப் போகும், கணக்கிடும் வேகம் சரிந்துவிடும்.

ஆட்டத்தில் நேரம்தான் பெரிய வேலை. காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்த ஐந்து விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது நகர்த்தலில் ஐந்து நிமிடம் போய்விடும். எஞ்சினுக்கு அது தெரியாது. ஆகவே மேசைக் கடிகாரத்தையும் கணினியில் ஓடும் கடிகாரத்தையும் அடிக்கடி ஒப்பிட்டு, மேசைக் கடிகாரத்தின் நேரத்தையே இடைமுகத்தில் ஏற்றுகிறார். நகர்த்தலுக்கான நேர ஒதுக்கீட்டிலும் தாராளமாக இடம் விட்டிருந்தார். வெல்லும் ஆட்டத்தை நேரத்தில் தோற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆபரேட்டரின் பொறுப்பு எதுவரை என்ற பேச்சு வந்ததும் 2003 கிராட்ஸ் உலகக் கணினிச் செஸ் போட்டி நினைவுக்கு வந்தது. மேயர்-காலனின் ஷ்ரெடர் எஞ்சின், ஜானி என்ற எஞ்சினுக்கு எதிராக வெற்றி நிலையில் இருந்தும் ஒரு பிழையால் அதே நிலையை மூன்றாம் முறை வர விட்டுவிட்டது. அப்படி வந்தால் சமநிலை கோரலாம். ஜானியின் ஆபரேட்டர் கோராமல் தொடர்ந்தார். ஷ்ரெடர் வென்றது, ஃபிரிட்ஸ் எஞ்சினுடன் புள்ளியில் சமமானது, பின்னர் கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தையும் எடுத்தது. அந்த ஆட்டம் சமநிலையாகி அரைப்புள்ளி போயிருந்தால் பட்டம் ஃபிரிட்ஸுக்கு. பெருந்தன்மையாகவே தோன்றினாலும் எனக்கு அது ஒப்பவில்லை. பிழையும் அந்த எஞ்சினின் ஆட்டம்தான். அதைத் திருத்த எதிர்மேசைக்காரருக்கு உரிமை கிடையாது.