நேரந்தவறாத அன்பு

நோயுற்றோரைப் பேணுதல் இரக்கச் செயல்களுள் ஒன்று என்பதை மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றுவிடுகிறோம். வலியால் துடிப்பவரின் அருகே இரவெல்லாம் விழித்திருப்பது எத்தகையது என்பதை வாழ்க்கைதான் கற்பிக்கிறது.

திருத்தணியில் எங்கள் அன்னையாருக்குப் புற்றுநோய் எலும்புகளில் பரவியபோது, பிள்ளைகள் மூவரும் முறைவைத்துக் காத்திருந்தோம். நான்கு மணிக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை கொடுக்குமாறு மருத்துவர் பணித்தார். வலி வந்தபின் அன்று, வருமுன்னரே கொடுக்கவேண்டும். கடிகாரப்படி கொடுக்கும் இம்முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே வலியுறுத்தியது. உடன் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்து வேண்டும். நேரத்தையும் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம்.

மருந்தைவிட அச்சமே பெருஞ்சுமையாயிற்று. "போதை மருந்தாயிற்றே, பழகிவிடாதா?" என்றனர் உறவினர். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் ஏற்படுத்திய கெடுபிடிகள் 2014-இன் திருத்தத்தால் தளர்ந்தபோதிலும், மக்கள் மனத்தில் அவ்வச்சம் தளரவில்லை.

அன்னையாரோ, "ஆண்டவர் சிலுவையில் பட்டதைவிடவா?" என்று மாத்திரையை விலக்குவார். நாங்கள் உறங்கட்டும் என்று முனகலையும் அடக்கிக்கொள்வார். சுருங்கிய நெற்றியும் போர்வையை இறுகப் பற்றிய விரல்களுமே எங்களுக்கு உண்மை உரைத்தன.

ஆடிக் கிருத்திகையன்று எங்கள் ஊர் மலையின் 365 படிகளில் காவடி சுமந்து ஏறுவோர், தாமே நேர்ந்துகொண்ட வருத்தத்தை ஏற்கின்றனர். நோயாளியின் வலி எவரும் நேர்ந்துகொண்டதன்று. தம் துன்பத்தை ஒருவர் இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கலாம். பிறருடைய துன்பத்தை ஒப்புக்கொடுக்க நமக்கு உரிமை ஏது?

நற்கருணை கொணர்ந்த பங்குத்தந்தை, நோயாளியின் வலியைத் தணிக்க இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்தலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே மருத்துவர்களுக்கு உரைத்ததை எடுத்துரைத்தார். மேலும், "கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தைத் தாம் மறுத்த ஆண்டவர், தம்மை நாடி வந்த பிணியாளர் எவரையும் 'பொறுத்துக்கொள்' என்று திருப்பி அனுப்பவில்லையே, அம்மா" என்றார். அன்றிரவு அன்னையார் மாத்திரையை மறுக்கவில்லை. பல நாள்களுக்குப் பின் ஐம்பத்துமூன்று மணிச் செபத்தை இடைமுறியாமல் முடித்தார். வலி தணிந்தமை அவருடைய செபத்தைக் குறைக்கவில்லை; அவருக்கு அதைத் திருப்பித் தந்தது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நோய் ஆதரவுச் சிகிச்சை இல்லங்களுக்கே வருகிறது. கேட்கத் தயங்க வேண்டாம். நோயாளி வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உரிய நேரத்தில் நீட்டப்படும் ஒரு மாத்திரையும் ஒரு குவளை நீரும் இரக்கச் செயலே.