மன்னவனூர் ஏரியில் ஒரு பகல்

கொடைக்கானல் போகலாம் என்று முடிவானதும் முதலில் தேடியது தங்க இடம். தொட்டியத்தில் எங்கள் காலனியிலிருந்து பதினான்கு பேர். கல்லூரியில் படிக்கும் நாங்கள் ஆறு பேர், வாழைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் எங்கள் அம்மாக்கள், ஒரு பெரியம்மா, ஓர் அப்பாயி, இரண்டு குழந்தைகள். போனில் பேசிய வீட்டுக்காரர் வாடகையைச் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டார். எந்த ஊர் என்றார். தொட்டியம் என்றோம். "தொட்டியத்துல எங்க? எந்தத் தெரு?" சொன்னோம். மறுநாள் இடம் நிரம்பிவிட்டது என்றார்.

அரசியலமைப்பின் 15(2) பிரிவை வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். கடை, உணவகம், ஹோட்டல், கிணறு, குளம், குளியல் துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. ஆனால் 'இடமில்லை' என்ற சொல்லை எந்தப் பிரிவில் பிடிப்பது?

அதனால்தான் வேனிலேயே தங்குவது என்று ஆனது. பின் சீட்டுகளைக் கழற்றி ஜமுக்காளம் விரித்தோம். கேஸ் அடுப்பு, அரிசி, தண்ணீர் கேன், ஒரு கட்டு வாழை இலை. வெளிநாட்டில் இதற்குக் கேம்பர்வேன் என்று பெயராம், நிறைய செலவாகுமாம். எங்களுக்கு அது வாடகை வேன். பெண்களும் குழந்தைகளும் உள்ளே படுக்க, பையன்கள் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் நடுங்கினார்கள்.

முசிறிப் பாலத்தில் காவிரியைக் கடக்கும்போது ஒரு தோழர் அண்ணல் அம்பேத்கரின் பயணத்தைச் சொன்னார். 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் அவரே எழுதியது. 1934இல் தோழர்கள் முப்பது பேருடன் வேரூள் குகைகளைப் பார்க்கப் பேருந்தில் போகிறார். தீண்டத்தகாத சுற்றுலாப் பயணிக்கு வழியில் என்னென்ன நேரும் என்று தெரிந்ததால் தாங்கள் யார் என்பதை வெளியே காட்டாமல் போவது என்றே திட்டம். தௌலதாபாத் கோட்டை வாசலில் நிரம்பிக் கிடந்த குளத்தில், புழுதி போக முகமும் காலும் கழுவுகிறார்கள். அவ்வளவுதான். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடிவர, கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கடைசியில், கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய சிப்பாய் ஒருவரையும் கூடவே அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பி, வட்டமேசை மாநாடுகளில் பேசிய மனிதருக்கு நடந்தது இது.

கொடைக்கானல் ஏரியில் நாங்கள் அதிக நேரம் இருக்கவில்லை. கூட்டம், ஹாரன் சத்தம், சைக்கிள் வாடகைப் பேரம். 1863இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் உருவாக்கிய ஏரி. மோட்டார் சாலை வராத காலத்தில் துரைமார்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து மலைமேல் தூக்கி வந்தார்கள். லெவிஞ்சின் பெயர் நமக்குத் தெரிகிறது. தூக்கியவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது.

மறுநாள் பூம்பாறை தாண்டி மன்னவனூர் போனோம். புல்வெளிச் சரிவு, கீழே அமைதியான ஏரி. பெரியம்மா முந்தானையை விரித்துப் படுத்தவர் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. பகலில் அவர் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. காய்ச்சல் வந்தால்கூடத் தார் வெட்டு இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறவர்.

அப்பாயி மட்டும் கரைக்கு நாலடி தள்ளியே நின்றார். கூப்பிட்டோம். "தண்ணில கால வச்சா யாரும் ஏதும் சொல்ல மாட்டாங்களா சாமி?" என்று கேட்டார்.

எழுபது வயதுக்காரர். 'யாரும் சொல்ல மாட்டாங்க அப்பாயி' என்று உடனே சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 2022 டிசம்பரில், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை அவரும் டிவியில் பார்த்தவர்தான். ஒருத்தி கையைப் பிடித்து மெல்ல அழைத்துப் போனாள். கால் நனைந்தது. "அம்மாடி, என்னா சில்லு" என்று சிரித்தார்.

ஓய்வெடுக்கப் போனதையும் ஒரு போராட்டம் மாதிரி எழுத வேண்டுமா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. இந்தப் பணத்தில் இரவுப் பாடசாலைக்குப் புத்தகம் வாங்கியிருக்கலாம் என்றும் ஒரு தோழர் சொன்னார். பெரியம்மா தூங்கிய அந்த நாலு மணி நேரத்தை வீண் செலவு என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோழருக்கு இன்னும் வருத்தம்தான்.

சாயங்காலம் பரிசலில் ஏறினோம். அப்பாயி முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டார், காவிரியில் பரிசல் பார்த்துப் பழகியவர். துடுப்புப் போட்டவர் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊரும்மா?"

"தொட்டியம்."

"வாழைக்காய் ஊராச்சே" என்றார் அவர். அடுத்த கேள்விக்காக நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்கவில்லை. எதிர்க்கரையைக் காட்டி, அங்கே தண்ணீர் இன்னும் ஆழம் என்றார்.

வேனுக்குத் திரும்பியபோது டிரைவர் அண்ணன் அடுப்பில் வைத்திருந்த சோறு அடிபிடித்திருந்தது. அதையே சாப்பிட்டோம்.