டிஸ்க்கைக் காணோமா? பதறாதீங்க!

குற்றாலத்தில் நல்ல சாரல். நண்பர்கள் ஐந்தருவிக்குக் கிளம்ப, நான் தென்காசியில் மாமாவின் பூட் ஆகாத லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட உட்கார்ந்தேன். டிரைவ் பட்டியல் காலி! கடைக்குப் போன் போட்டால், "டிஸ்க் போச்சு தம்பி, புதுசு போடணும்" என்றார் அண்ணாச்சி. வயிறு கலங்கிவிட்டது. டி டிரைவில் மாமா கடையின் இரண்டு வருடக் கணக்கு!

பயாஸில் பார்த்தேன். எஸ்எஸ்டியின் பெயர் இருந்தது. அப்படியென்றால் டிஸ்க் சாகவில்லை, இன்ஸ்டாலருக்குத்தான் தெரியவில்லை. 11ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு டிஸ்க்கை நிர்வகிக்கிறது. அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லாவிட்டால் பட்டியல் காலிதான். 2001இல் வந்த எக்ஸ்பியிலும் இதே கதை: பல சாட்டா டிஸ்க்குகளுக்கு எஃப்6 அழுத்தி, ஃபிளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும்.

லேப்டாப் கம்பெனியின் தளத்தில் டிரைவரை இறக்கி, அன்ஜிப் செய்து, பென் டிரைவில் போட்டு 'லோடு டிரைவர்' கொடுத்தேன். டிஸ்க் வந்தது! சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தேன். கணக்கு பத்திரம்.

"காமர்ஸ் படிக்கிறவனுக்கு, கணக்குக்கு ஒரு காப்பி வைக்கணும்னு சொல்லத் தெரியலையே மருமவனே" என்றார் மாமா. நியாயம்தான்... அன்றே எடுத்துவிட்டேன். நீங்களும் எடுத்துடுங்க!