ஒரு பூனையும் ஒரு சோக வால்ஸும்

செவ்வியல் இசைக்குச் சித்திரம் தீட்டிய படம் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது 1940-இல் டிஸ்னி வெளியிட்ட 'ஃபேன்டேசியா'. அந்தப் படத்தின்மீது எனக்கொரு தீராத மனக்குறை உண்டு. பீத்தோவன் தமது ஆறாவது சிம்பொனி காட்சிகளைத் தீட்டுவதைவிட உணர்வை வெளிப்படுத்துவதையே நாடுகிறது என்று குறித்து வைத்தார். நாட்டுப்புறத்தில் கால்வைத்த மனிதனின் மகிழ்ச்சி அது. டிஸ்னியின் ஓவியர்களோ அதில் குதிரை உடல்கொண்ட மனிதர்களையும் சிறகு முளைத்த குதிரைகளையும் நிரப்பினர். இன்றும் அதன் புயல் பகுதியைக் கேட்கும்போது, மேகத்தின்மேல் நின்று இடிகளை வீசும் ஜீயஸ் கண்முன் வந்து நிற்கிறார். எனக்குள் உருவாகியிருக்க வேண்டிய புயலை அவர் பறித்துக்கொண்டார்.

அதே படத்தில் மிக்கி மவுஸ் தோன்றும் பகுதி உறுத்துவதில்லை. பால் டூகா 1897-இல் அமைத்த அவ்விசை, கதேயின் கதைப்பாடல் ஒன்றைப் பின்பற்றியே எழுந்தது. கதை இசைக்குள் ஏற்கெனவே இருந்தது. சித்திரம் அதைத் தொடர்ந்து சென்றது.

அப்படியானால் கதை சொல்லும் இசைக்கு மட்டும்தான் சித்திரம் பொருந்துமா? இக்கேள்வியை எனக்குச் சிக்கலாக்கியது புரூனோ போட்செட்டோ என்ற இத்தாலியர் 1976-இல் எடுத்த 'அல்லெக்ரோ நான் ட்ரோப்போ'. ஃபேன்டேசியாவைப் பகடி செய்யும் படம் அது. ராவெலின் 'பொலேரோ'வுக்கு, விண்கலத்திலிருந்து வீசப்பட்ட குளிர்பானப் புட்டியின் மிச்சத்திலிருந்து உயிர்கள் பரிணமித்து அணிவகுத்துச் செல்கின்றன. சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். பிறகு சிபேலியஸின் 'வால்ஸ் ட்ரிஸ்ட்' தொடங்குகிறது, சிரிப்பு நின்றுவிடுகிறது.

இடிந்த வீடொன்றில் மெலிந்த பூனை அலைகிறது. அது பார்க்கும் இடமெல்லாம் பழைய வாழ்வு ஒருகணம் துளிர்க்கிறது. நெருங்கியதும் வெற்றுச் சுவர். இசை தயங்கி, வேகங்கொண்டு, மறுபடி தளர்கிறது. இறுதியில் பூனையும் கரைந்துபோகிறது. வீடு இடித்துத் தள்ளப்படுகிறது.

இந்த இசையின் பிறப்பைப் பின்னர்தான் அறிந்தேன். சிபேலியஸ் தம் மைத்துனர் ஆர்விட் யார்னெஃபெல்ட்டின் 'குவோலெமா' நாடகத்துக்காக 1903-இல் எழுதியது அது. அத்தலைப்பின் பொருள் மரணம். நோயுற்ற தாய் படுக்கையிலிருந்து எழுந்து, மாயமாய் வந்த விருந்தினரோடு நடனமாடுகிறாள். கதவு தட்டப்படுகிறது, வாசலில் மரணம் நிற்கிறது. தாயும் இல்லை, நடனமும் இல்லை. ஆயினும் இல்லாதவர்களோடு கழிக்கும் கடைசிப் பொழுது என்ற கரு போட்செட்டோவின் பூனையிடம் சிதையாமல் இருக்கிறது.

இசையின் மேல் தன்னை ஏற்றிவைக்கும் சித்திரம் வேறு, இசைக்குள் இறங்கிச் செல்லும் சித்திரம் வேறு என்றே இப்போது தோன்றுகிறது. வால்ஸ் ட்ரிஸ்டைத் தனியே கேட்கையிலும் அந்தப் பூனை வரத்தான் செய்கிறது. ஜீயஸிடம் கொள்ளும் கோபம் ஏனோ அதனிடம் எழுவதில்லை. இதுவரை அறியாத நண்பர்கள் முதலில் இசையை மட்டும் கேளுங்கள். உங்களுக்கென்று ஒரு துயரம் அதில் உருவான பிறகு பூனையைச் சந்திக்கலாம்.